ஈஎன்24 ஷாஃப்ட்டில் 6 மி.மீ. துளை, 150 மி.மீ. ஆழம்: புதிதாக இறங்குபவர்களுக்கு

6 மி.மீ. துளையை 20 மி.மீ. ஆழத்துக்குப் போட யாருக்கும் வழிகாட்டி வேண்டாம். அதே துளை 150 மி.மீ. ஆழம் போக வேண்டும், பொருளோ ஈஎன்24 எஃகு என்றால் கதை வேறு. குறுக்களவைப் போல 25 மடங்கு ஆழம். பொதுவாக 5 மடங்கு தாண்டினாலே கவனம் தேவை, 10 மடங்கு தாண்டினால் ஆழத்துளை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 50 மி.மீ. குறுக்களவுள்ள ஷாஃப்ட் ஒன்றின் நடுவே, முனையிலிருந்து முனைவரை போகும் எண்ணெய்த் துளை. ஜாப் ஒர்க் செய்யும் எந்தப் பட்டறைக்கும் ஒருநாள் வந்தே தீரும் வேலை இது.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். ஆழத்துளையில் வெட்டுவது பெரிய வேலை இல்லை. வெட்டிய உலோகச் சீவல்களை, அதாவது சிப்ஸை, வெளியே கொண்டுவருவதும், டிரில் முதல் 15 மி.மீ.க்குள் நேராக நுழைவதும்தான் வேலை. உடைந்த டிரில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால் உடைந்தவை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஈஎன்24 என்பது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. கார்பன் ஏறக்குறைய 0.4 சதவீதம், நிக்கல் 1.5 சதவீதம் சுற்றி. அமெரிக்கத் தரத்தில் 4340 இதற்கு நெருங்கிய உறவு. கடையில் பெரும்பாலும் ‘டி’ நிலையில், அதாவது ஏற்கெனவே வெப்பப் பதம் செய்து கிடைக்கும். இழுவிசை வலிமை 850 முதல் 1000 மெகாபாஸ்கல், கடினம் 248 முதல் 302 பிரினெல். சாதாரண மைல்டு ஸ்டீலைப் போல இரண்டு மடங்கு வலிமை என்றால் மிகையில்லை.

வலிமையைவிடத் தொல்லை தருவது அதன் இழுபடும் குணம். சிப்ஸ் தானாகப் பொடிந்து விழாது. நீளமாகச் சுருண்டு வந்து டிரிலின் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம், டிரிலை வெட்டவிடாமல் தேய்க்கவிட்டால் துளையின் அடிப்பகுதி மெருகேறி இறுகிவிடும். அதன்பிறகு அதே டிரில் அங்கே பிடிக்காது, வழுக்கும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், அது வளையும், பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொருள் வந்தவுடன் கடினத்தைச் சோதித்துவிடுங்கள். அதே ஈஎன்24 ‘இசட்’ நிலையில் குறைந்தது 444 பிரினெல் இருக்கும். அந்த நிலையில் சாதாரண ஹைஸ்பீடு டிரிலோடு 150 மி.மீ. உள்ளே போக நினைக்கவே வேண்டாம். இறுதியில் அந்தக் கடினம் வேண்டும் என்றால், துளையை ‘டி’ நிலையிலேயே போட்டு முடித்து, பிறகு வெப்பப் பதத்துக்கு அனுப்புங்கள். பதம் செய்யும்போது ஷாஃப்ட் கொஞ்சம் வளையும் என்பதால், வெளிப்புறத்தில் கடைசலுக்கு மிச்சம் விட்டுவையுங்கள்.

டிரிலைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைப் படியுங்கள்

துளை எவ்வளவு நேராக இருக்க வேண்டும் என்று வரைபடம் சொல்கிறதா? எண்ணெய் போவதற்கு மட்டும் என்றால் மறுமுனையில் 0.3 மி.மீ. விலகினாலும் பாதகம் இல்லை. உள்ளே ஏதாவது பின் நகர வேண்டும் என்றால் கணக்கு வேறு. இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகப் போடலாமா என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். ஆழம் 75 மி.மீ. ஆகிவிட்டால் வேலை நான்கு மடங்கு லேசாகும். நடுவில் சந்திக்கும் இடத்தில் சின்னப் படி விழும், அதை ஏற்பார்களா என்பதுதான் கேள்வி. எண்ணெய்த் துளைக்குப் பெரும்பாலும் ஏற்பார்கள். கேட்காமலே ஒரே பக்கமிருந்து போராடுபவர்கள்தான் அதிகம்.

‘நான்கு மடங்கு’ என்றது பேச்சுக்காக இல்லை. ஒல்லியான கம்பியை நுனியில் அழுத்தினால் எந்த விசையில் வளைந்து மடங்கும் என்பது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் தாங்கும் விசை கால்வாசி. பக்கவாட்டு விசைக்கு நிலைமை இன்னும் மோசம்: நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. ஆகவே டிரில் வாங்கும்போது தேவைக்கு மேல் ஒரு விரற்கடை நீளம்கூட வேண்டாம். பள்ளத்தின் நீளம் துளையின் ஆழத்தைவிட 20, 25 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். அதைவிடக் குறைந்தால் சிப்ஸ் வெளியேற வழி இருக்காது.

வேலைகளின் வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. ஆழத்துளையை முதலிலேயே போட்டுவிடுங்கள். கீவே வெட்டி, திரெட் போட்டு, கிரைண்டிங் முடித்த ஷாஃப்ட்டில் கடைசியாக டிரில் உடைந்தால் அத்தனை கூலியும் போச்சு. குறுக்குத் துளை இருந்தால் அதை மட்டும் ஆழத்துளைக்குப் பிறகு போடுங்கள். முன்பே போட்டால் டிரில் அந்த இடத்தைக் கடக்கும்போது விளிம்பில் தட்டும், கூலண்ட்டும் அந்த வழியாக வெளியே ஓடிவிடும்.

முதல் வழி: லேத்தில் கோபால்ட் டிரில்

கையில் சாதாரண லேத் மட்டும் இருக்கிறது, ஒன்றிரண்டு பீஸ்தான் வேலை என்றால் இதுதான் வழி. மெதுவானது, ஆனால் ஒரு பெரிய நன்மை உண்டு: வேலைப்பொருள் சுற்றி, டிரில் நிற்பதால் துளை நேராகப் போகும் வாய்ப்பு அதிகம். டிரில் சுற்றிப் பொருள் நிற்கும் டிரில்லிங் மிஷினில் இதே துளை இன்னும் விலகும்.

டிரில் எம்35 அல்லது எம்42 கோபால்ட் வகையாக இருக்கட்டும். முனைக்கோணம் 130 முதல் 135 பாகை, முனை பிளந்து தீட்டியது, அகலமான பரவளையப் பள்ளம் உள்ளது. ஒரே நீளத்தில் ஒன்று வாங்கினால் போதாது, மூன்று வேண்டும். 6 மி.மீ. சாதாரண ஜாபர் டிரிலில் பள்ளம் 57 மி.மீ., நீளத் தொடரில் 91 மி.மீ., அதற்கு மேல் மிகை நீளத் தொடர். சின்னதில் தொடங்கி, அது எட்டும் ஆழம் முடிந்ததும் அடுத்ததற்கு மாறுங்கள். முதலிலிருந்தே நீளமான டிரிலை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். கையால் தீட்டிய டிரில் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு வெட்டுவிளிம்பில் ஒன்று மயிரிழை நீண்டிருந்தாலும் துளை பெரிதாகி ஒரு பக்கம் சாயும்.

ஷாஃப்ட்டை சக்கில் பிடித்து, வெளிமுனையை ஸ்டெடி என்ற தாங்கியில் நிறுத்தி, டயல் வைத்து ஓட்டம் (சுற்றும்போது மையத்திலிருந்து விலகி ஆடும் அளவு) பாருங்கள். 0.02 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். முகத்தைச் சமமாகக் கடையுங்கள், நடுவில் முளை நிற்கக் கூடாது. டெயில்ஸ்டாக் மையத்தில் நிற்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பழைய லேத்களில் இது அரை மில்லிமீட்டர் தள்ளி இருப்பதும் உண்டு, குறைவான ஆழத்தில் யாருக்கும் தெரியாது.

தொடக்கக் குழியை 60 பாகை சென்டர் டிரிலால் ஆழமாகப் போடும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. இதை விட்டுவிடுங்கள். அந்தக் குழியில் இறங்கும் டிரிலின் வெளி மூலைகள்தான் முதலில் தட்டும், நடு முனை காற்றில் நிற்கும். டிரில் ஆடும், மூலை பிய்யும். குழியைப் போடக் குட்டையான ஸ்பாட் டிரிலை எடுங்கள். அதன் கோணம் பின்னால் வரும் டிரிலின் முனைக்கோணத்தைவிடக் குறையக் கூடாது. அப்போதுதான் நடு முனை முதலில் உட்காரும்.

அடுத்தது வழித்துளை. குட்டையான டிரிலால் 15 முதல் 18 மி.மீ. ஆழம். நேர்மை ரொம்ப முக்கியமான வேலை என்றால், 5.5 மி.மீ. டிரிலால் துளையிட்டு, சிறிய கார்பைடு போரிங் பாரால் 6 மி.மீ.க்குக் கடைந்துவிடுங்கள். கடைந்த துளை ஷாஃப்ட்டின் அச்சிலேயே இருக்கும், நீண்ட டிரில் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகும். கால் மணி நேரம் கூடுதலாகும். எனக்குக் கேட்டால், மொத்த வேலையில் அதிகப் பலன் தரும் கால் மணி நேரம் அதுதான்.

வேகம்: இந்த எஃகில் கோபால்ட் டிரிலுக்கு நிமிடத்துக்கு 12 மீட்டர் வெட்டுவேகம் தாங்கும். 6 மி.மீ.க்கு அது 640 ஆர்.பி.எம். சுற்றி வரும். ஆழம் கூடியதும் கூலண்ட் நுனிக்குப் போய்ச் சேராது என்பதால் 450, 500க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபீட் ஒரு சுற்றுக்கு 0.06 முதல் 0.08 மி.மீ. வேகத்தைக் குறைக்கலாம், ஃபீடை மட்டும் ரொம்பக் குறைக்காதீர்கள். மெதுவாகத் தள்ளினால் டிரில் பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அது வெட்டாமல் தேய்க்கத் தொடங்கிவிடும்.

இனி பெக்கிங், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி டிரிலை வெளியே எடுப்பது. முதல் 18 மி.மீ.க்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 6 மி.மீ. இறங்கி, முழுதாக வெளியே எடுங்கள். 60 மி.மீ. தாண்டியதும் 4 மி.மீ., 100 தாண்டியதும் 2 அல்லது 3 மி.மீ. வெளியே எடுத்த டிரிலின் பள்ளத்தைப் பிரஷ்ஷால் துடைத்து, கந்தகம் கலந்த கட்டிங் ஆயிலில் நனைத்து உள்ளே விடுங்கள். கொஞ்சம் மட்டும் பின்னிழுத்துச் சிப்ஸை உடைத்துவிட்டு அங்கேயே தொடரும் முறை ஆழத்துளைக்கு உதவாது. உடைந்த சிப்ஸ் உள்ளேயேதான் கிடக்கும்.

திரும்ப உள்ளே போகும்போது அடியைத் தட்டாதீர்கள். அடியில் ஒரு சிப்ஸ் விழுந்து கிடக்கும், அதன்மேல் டிரில் இடித்தால் முனை உதிரும். அடிக்கு அரை மில்லிமீட்டர் முன்பே நிதானித்து, பிறகு ஒரே அழுத்தத்தில் வெட்டத் தொடங்குங்கள். டெயில்ஸ்டாக் குயிலில் (முன்னும் பின்னும் நகரும் தண்டில்) ஒவ்வொரு ஆழத்தையும் மார்க்கரால் குறித்துவைத்தால் கை தானாகப் பழகும். 100 மி.மீ.க்குப் பிறகு குயிலைச் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பது தோள்பட்டையை வாங்கிவிடும். டெயில்ஸ்டாக்கையே தளர்த்திப் பின்னுக்கு இழுக்கலாம். அல்லது டிரிலை டூல்போஸ்ட்டில் ஹோல்டர் வைத்துப் பிடித்து, மையம் பார்த்து, கேரியேஜோடு நகர்த்தலாம். இரண்டாவது வழியில் ஆட்டோ ஃபீடும் கிடைக்கும்.

மறுபக்கம் துளை உடைந்து வெளிவரும் கடைசி 2 மி.மீ.யில் கையைத் தளர்த்துங்கள். முனை வெளியே வந்ததும் எதிர்ப்பு சட்டென்று குறையும், டிரில் தானாக முன்னே பாய்ந்து கவ்விக்கொள்ளும்.

இரண்டாவது வழி: வி.எம்.சி.யில் நீண்ட கார்பைடு டிரில்

இருபது முப்பது பீஸ் வேலை, வி.எம்.சி. எனும் கணினி மில்லிங் மிஷினில் ஸ்பிண்டில் வழியாகக் கூலண்ட் வரும் வசதியும் இருக்கிறது என்றால் இதற்கு மாறுங்கள். உள்ளே கூலண்ட் துளை உள்ள 30 மடங்கு நீளக் கார்பைடு டிரிலும், வழித்துளை போட அதே கம்பெனியின் இணை பைலட் டிரிலும் வேண்டும். விலை அதிகம். ஆனால் நேரத்தைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 65 மீட்டர் என்றால் 3450 ஆர்.பி.எம்., ஒரு சுற்றுக்கு 0.12 மி.மீ. ஃபீட் என்றால் நிமிடத்துக்கு 414 மி.மீ. வெட்டும் நேரம் அரை நிமிடம்கூட ஆகாது. லேத்தில் அரை நாள் போகிற வேலை.

ஸ்பிண்டில் வழிக் கூலண்ட் இல்லாத மிஷினில் இந்த டிரிலைப் போடவே போடாதீர்கள். வெளியிலிருந்து அடிக்கும் கூலண்ட் 25 மடங்கு ஆழத்துக்குள் போகாது. அழுத்தம் 20 பார் குறைந்தபட்சம், 40 இருந்தால் நிம்மதி.

டிரிலை ஹைட்ராலிக் சக்கிலோ ஷ்ரிங்க் ஹோல்டரிலோ பிடியுங்கள். நல்ல கோலெட்டும் ஒத்துவரும், நுனியில் ஓட்டம் 0.02க்கு மேல் இல்லை என்று டயலில் பார்த்த பிறகு. பைலட் துளை 12 முதல் 18 மி.மீ. ஆழம், நீண்ட டிரிலைவிட 0.01, 0.02 மி.மீ. பெரிது. பைலட்டின் முனைக்கோணம் நீண்ட டிரிலின் கோணத்தைவிடக் குறையக் கூடாது. முன்பு சொன்ன அதே காரணம்தான், கார்பைடு பிய்வது இன்னும் சுலபம் என்பதால் இங்கே கண்டிப்பு அதிகம்.

இப்போது உயிரைக் காக்கும் விதி ஒன்று. நீண்ட டிரில் துளைக்கு வெளியே இருக்கும்போது முழு வேகத்தில் சுற்றவே கூடாது. தாங்க ஆளில்லாத ஒல்லி டிரில் 3450 ஆர்.பி.எம்.மில் சாட்டையாக வளைந்து ஒடிந்து பறக்கும். 300 ஆர்.பி.எம்.முக்குள் சுற்றவிட்டு, மெதுவாகப் பைலட் துளைக்குள் நுழைத்து, அடிக்கு 1 மி.மீ. மேலே நிறுத்துங்கள். கூலண்ட்டைத் திறங்கள். வேகத்தை முழுதாக ஏற்றி, இரண்டு மூன்று விநாடி காத்திருங்கள். பிறகு நேர் ஃபீடில் அடிவரை ஒரே மூச்சில் போங்கள். பெக்கிங் வேண்டாம். பெக்கிங்கைத் தானாகச் செய்யும் ஜி83 சைக்கிளுக்குக் கை பழகியவர்கள் இங்கேயும் அதையே போடுவார்கள். ஒவ்வொரு முறை வெளியே வந்து உள்ளே போகும்போதும் மேலே சொன்ன ஆபத்து திரும்ப வரும், சிப்ஸும் அடியில் விழும். கூலண்ட்தான் சிப்ஸைத் தள்ளிக்கொண்டு வருகிறதே. மறுபக்கம் வெளிவர 1 மி.மீ. இருக்கும்போது ஃபீடைப் பாதியாக்குங்கள். முடிந்ததும் வேகத்தை 300க்கு இறக்கி, அதன்பிறகே வெளியே இழுங்கள்.

முதல் பீஸை ஓட்டும்போது கதவைச் சாத்திவிட்டு ஸ்பிண்டில் லோடு மீட்டரைப் பாருங்கள். லோடு சீராக நின்றால் சரி. ஆழம் கூடக் கூட ஏறிக்கொண்டே போனால் சிப்ஸ் அடைக்கிறது. ஃபீடைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், பல சமயம் சிப்ஸ் தடித்துக் குட்டையாக உடையத் தொடங்கும்.

கன் டிரில் எப்போது

துளை இன்னும் ஆழம், அல்லது நேர்மையும் மெருகும் கண்டிப்பு என்றால் கன் டிரிலிங் தெரிந்த கடைக்கு அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். துப்பாக்கிக் குழல் துளைக்கப் பிறந்த கருவி என்பதால் இந்தப் பெயர். ஒரே ஒரு வெட்டுவிளிம்பு, கார்பைடு நுனி, அதன் பின்னால் ஆங்கில வி வடிவப் பள்ளம் கொண்ட குழாய். எண்ணெய் குழாய்க்குள் போய், சிப்ஸைக் கூட்டிக்கொண்டு பள்ளம் வழியாகத் திரும்பும். நுனியின் பக்கத்தில் உள்ள திண்டுகள் துளைச் சுவரைத் தேய்த்துக்கொண்டே போவதால் துளையே டிரிலுக்கு வழி காட்டும். 6 மி.மீ.க்கு 70 பார் அளவில் எண்ணெய் அழுத்தம் வேண்டும். ஃபீட் ஒரு சுற்றுக்கு 0.025 மி.மீ. மட்டுமே, ஆனாலும் 150 மி.மீ. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கோவை, அம்பத்தூர், ஓசூர் மாதிரி மோல்டு வேலை நடக்கும் ஊர்களில் கூலிங் துளைக்காக இந்த மிஷின் வைத்திருப்பவர்களை விசாரித்துப் பாருங்கள். அனுப்பும்போது பொருளின் கடினத்தையும், அனுமதிக்கும் விலகலையும் எழுதிக் கொடுங்கள். 20 மி.மீ.க்கு மேற்பட்ட பெரிய துளைகளுக்குச் சிப்ஸ் குழாயின் நடுவழியே வெளிவரும் பி.டி.ஏ. முறை உண்டு, அது நம் உதாரணத்துக்குத் தேவைப்படாது.

காதும் கண்ணும்

கோபால்ட் டிரிலில் சிப்ஸ் வெள்ளியாகவோ வைக்கோல் நிறத்திலோ வர வேண்டும். நீலமாக வந்தால் வேகம் அதிகம், உடனே குறையுங்கள். ஒரு பக்கப் பள்ளத்தில் மட்டும் சிப்ஸ் வந்தால் முனை சமமாக இல்லை. சீராக வந்த ஓசை கீச்சென்று மாறினால் அதே நொடியில் வெளியே எடுங்கள். ‘இன்னும் ரெண்டு மில்லிதானே’ என்று தொடரும் இடத்தில்தான் டிரில் போகும்.

கண்ணாடி கட்டாயம். கையுறையோடு சுற்றும் டிரில் பக்கமோ ஷாஃப்ட் பக்கமோ போகாதீர்கள், நீளச் சிப்ஸைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். சோப்பாயில் கூலண்ட் என்றால் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கலந்து ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். உயர் அழுத்தத்தில் சுத்த எண்ணெய் ஓடும் மிஷினில் எண்ணெய்ப் புகை தீப்பிடிக்கக்கூடியது, அருகில் தீயணைப்பான் இருக்கட்டும்.

உடைந்துவிட்டால்

மிஷினை நிறுத்துங்கள். சுத்தியல் வேண்டாம், மேலே இன்னொரு டிரிலை விட்டுத் துளைக்கவும் வேண்டாம். ஹைஸ்பீடு டிரில் துண்டு ஈஎன்24ஐவிட எவ்வளவோ கடினம், புது டிரில் ஓரமாக வழுக்கித் துளையையும் கெடுக்கும். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிளையரால் பிடித்து, வெட்டும் திசைக்கு எதிராகத் திருகிப் பாருங்கள். உள்ளேயே ஒடிந்திருந்தால், துளை முழுதாக ஊடுருவ வேண்டியது என்பதால் மறுபக்கமிருந்து துளைத்து வந்து, துண்டைப் பின்னாலிருந்து தட்டி வெளியேற்றும் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் கடை. ஆழத்தில் ஸ்பார்க் வேலை மெதுவாக நடக்கும், கூலியும் ஏறும். ஷாஃப்ட்டின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முடிந்த துளையைப் பார்ப்பது

காற்றடித்துக் கழுவிவிட்டு, மறுமுனையில் துளையைச் சுற்றிய சுவர்த் தடிமனை நான்கு பக்கமும் அளங்கள். 50 மி.மீ. ஷாஃப்ட்டில் எல்லாப் பக்கமும் 22 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு பக்கம் 22.3, எதிர்ப்பக்கம் 21.7 என்றால் விலகல் 0.3 மி.மீ. நடுப்பகுதி எப்படி என்று தெரிய அல்ட்ராசோனிக் தடிமன்மானியை வெளிப்புறத்தில் சுற்றிலும் வைத்துப் பார்க்கலாம்.

விலகல் இருந்தும் ஷாஃப்ட்டைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு, முன்யோசனையோடு வெளிப்புறத்தில் 2 மி.மீ. மிச்சம் விட்டிருந்தால். துளையின் இரண்டு வாயிலும் 60 பாகையில் சாம்ஃபர் போட்டு, அந்த இரண்டையும் சென்டராகப் பிடித்து, வெளிப்புறத்தை மறுபடி கடையுங்கள். இரு முனையிலும் துளை நடுவுக்கு வந்துவிடும், மிச்சமிருப்பது நடுவில் உள்ள வளைவு மட்டும்தான்.